ஹப்ஸோன் சான்று: விண்ணப்பத்தில் கிடைப்பது, சம்பளப் பட்டியலில் தொலைவது

2008இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, நான்கு பொய் நிறுவனங்களைக் காகிதத்தில் உருவாக்கியது. ஊழியர்கள் கற்பனை, ஆவணங்கள் போலி. ஒரு விண்ணப்பத்தில் முதன்மை அலுவலகம் என்று காட்டியது ஒரு காப்பிக் கடையின் முகவரியை. வேறு விண்ணப்பங்களுக்கு வாடகைத் தபால் பெட்டிகள் எடுக்கப்பட்டன. நான்கு நிறுவனங்களுக்கும் ஹப்ஸோன் சான்று, அதாவது பின்தங்கிய பகுதிச் சிறு நிறுவனங்களுக்கு அரசுக் கொள்முதலில் முன்னுரிமை தரும் திட்டத்தின் சான்று, கிடைத்துவிட்டது. 2010இல் ஜிஏஓ அதே சோதனையை மறுபடி செய்தது. இந்த முறை முகவரிகள்: டெக்சாஸில் உள்ள புகழ்பெற்ற அலமோ நினைவிடம், புளோரிடாவில் சாமான்களை வாடகைக்கு வைக்கும் ஒரு கிடங்கு, டெக்சாஸின் ஒரு நகர மன்றக் கட்டடம். மூன்றுக்கும் சான்று வந்தது. நான்காவது விண்ணப்பத்தின் ஆவணங்கள் சான்று தரும் அலுவலகத்திலேயே திரும்பத் திரும்பத் தொலைந்துபோனதால் அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

முகவரியைத் தேடிப் பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்க வேண்டிய விஷயம் இது. பொய் நிறுவனங்களோடு நிற்காமல், வாஷிங்டன் வட்டாரத்தில் உண்மையில் சான்று வைத்திருந்த 17 நிறுவனங்களையும் ஜிஏஓ ஆராய்ந்தது. 10 நிறுவனங்கள் தகுதியில் தேறவில்லை. அவற்றில் ஏமாற்றியவர்களும் உண்டு. ஆனால் இந்தத் திட்டத்தை நெருக்கமாகப் பார்ப்பவர்களுக்கு அதைவிடக் கவலை தருவது வேறொன்று: நேர்மையாக உள்ளே வந்த நிறுவனமும் தகுதியை எளிதில் இழந்துவிடும், பல நேரம் இழந்தது தெரியாமலே. அது எப்படி நடக்கிறது, எங்கே தடுக்கலாம் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

திட்டம் என்ன சொல்கிறது

1997இல் நிறைவேறிய சிறுதொழில் மறு அங்கீகாரச் சட்டத்தின் ஒரு பகுதியாக ஹப்ஸோன் பிறந்தது. மிசௌரி மாநில செனட்டர் கிட் பாண்ட் அதை முன்னின்று நடத்தியவர். அடிப்படை எண்ணம் எளிது. வறுமையும் வேலையின்மையும் மிகுந்த பகுதியில் அலுவலகம் வைத்து, அப்படிப்பட்ட பகுதிகளில் வசிப்பவர்களை வேலைக்கு வைக்கும் சிறு நிறுவனத்துக்குக் கூட்டாட்சி அரசின் கொள்முதலில் முன்னுரிமை உண்டு. மற்ற முன்னுரிமைத் திட்டங்கள் பெரும்பாலும் உரிமையாளர் யார் என்று பார்க்கும். இது ஊழியர் இரவில் எங்கே தூங்குகிறார் என்று பார்க்கிறது. திட்டத்தின் வலிமை அதில்தான் இருக்கிறது, சிக்கலும் அதிலிருந்தே வருகிறது.

நிபந்தனைகள் நான்கு. நிறுவனம் தன் தொழில் பிரிவுக்கான அளவு வரம்பின்படி சிறு நிறுவனமாக இருக்க வேண்டும். குறைந்தது 51 சதவீத உரிமையும் கட்டுப்பாடும் அமெரிக்கக் குடிமக்களிடம் இருக்க வேண்டும். பழங்குடி அரசுகள், அலாஸ்கா பூர்வகுடி நிறுவனங்கள், வேளாண் கூட்டுறவுகள் போன்றவற்றுக்குத் தனி வழி உண்டு. முதன்மை அலுவலகம் ஹப்ஸோனுக்குள், அதாவது இந்தத் திட்டத்தில் வரும் பின்தங்கிய பகுதிக்குள், இருக்க வேண்டும். ஊழியர்களில் குறைந்தது 35 சதவீதம் பேர் ஹப்ஸோனில் வசிக்க வேண்டும். அவர்கள் அலுவலகம் இருக்கும் அதே பகுதியில்தான் வசிக்க வேண்டும் என்பதில்லை, நாட்டின் எந்த ஹப்ஸோனில் வசித்தாலும் கணக்கில் சேரும். இதைத் தெரியாமல், பக்கத்து ஊர் ஹப்ஸோனில் வசிக்கும் தகுதியான ஆளைக் கணக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு.

எது ஹப்ஸோன் என்பதை, திட்டத்தை நடத்தும் சிறுதொழில் நிர்வாகமான எஸ்பிஏ வெளியிடும் வரைபடம் சொல்லும். வருமானமும் வறுமை விகிதமும் பார்த்துத் தேர்வாகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரங்கள், பெருநகருக்கு வெளியே உள்ள பின்தங்கிய கவுண்டிகள், பழங்குடி நிலங்கள், மூடப்பட்ட ராணுவத் தளப் பகுதிகள், பேரிடர் பாதித்த பகுதிகள், ஆளுநர் கேட்டுப் பெறும் சில கிராமப் பகுதிகள் எல்லாம் அதில் அடங்கும். வட்டாரங்களின் எல்லை பல இடங்களில் தெருவின் நடுக்கோடாகவே ஓடும். தெருவின் ஒரு பக்க வீடு உள்ளே, எதிர் வீடு வெளியே. அஞ்சல் குறியீட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. கதவு எண்ணோடு முழு முகவரியையும் வரைபடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

35 சதவீதம்: உண்மையான சோதனை

இந்தக் கணக்கில் யார் ஊழியர்? 2025 ஜனவரி 16இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, மாதத்துக்குக் குறைந்தது 80 மணி நேரம் வேலை செய்பவர். அதற்கு முன் 40 மணி நேரமே போதுமானதாக இருந்தது. பெயருக்குச் சிலரைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பும் வழியை அடைக்க உயர்த்தினார்கள். அதே விதி இன்னொரு பக்கம் தளர்வும் தந்தது: ஹப்ஸோனில் 180 நாள் வசித்திருக்க வேண்டும் என்றிருந்தது 90 நாளானது. முழுநேரம், பகுதிநேரம், தற்காலிகம், ஆள் அனுப்பும் முகமை வழியாக வந்தவர் எல்லாரும் கணக்கில் வருவார்கள். உரிமையாளரும் அந்த நேரம் உழைத்தால் ஊழியர்தான், சம்பளம் எடுக்காவிட்டாலும். ஊதியம் பெறாத தன்னார்வலர் கணக்கில் வர மாட்டார்.

விண்ணப்ப நாளுக்கு முந்தைய நான்கு வாரச் சம்பளப் பட்டியலை எடுத்து எஸ்பிஏ எண்ணும். 35 சதவீதத்தில் பின்னம் வந்தால் அருகிலுள்ள முழு எண்ணுக்குச் சுருக்கலாம்: 25 பேரில் 8.75 என்பது 9 ஆகும், 95 பேரில் 33.25 என்பது 33 ஆகும்.

இனி ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கட்டடப் பராமரிப்பு செய்யும் ஒரு நிறுவனத்தில் 14 ஊழியர்கள். 35 சதவீதம் 4.9, அதாவது 5 பேர். சரியாக 5 பேர் ஹப்ஸோனில் வசிக்கிறார்கள். சான்றுக்கு இது போதும். ஆனால் அந்த ஐவரில் ஒருவர் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யும் பகுதிநேர ஊழியர், நாளுக்கு நான்கு மணி நேரம். நான்கு வாரத்துக்குச் சரியாக 80. ஒரு வியாழக்கிழமை அவர் சம்பளமில்லா விடுப்பு எடுக்கிறார், மணி நேரம் 76க்கு இறங்குகிறது. அந்த மாதக் கணக்கில் அவர் ஊழியரே இல்லை. மொத்தம் 13 ஆகிறது. 35 சதவீதம் 4.55, சுருக்கினால் மறுபடி 5. ஹப்ஸோனில் வசிப்பவர்களோ 4 பேர். ஒரு நாள் விடுப்பில் தகுதி போய்விட்டது.

அதே நிறுவனம் ஹப்ஸோன் ஒப்பந்தம் ஒன்றை வென்றது என்று வைத்துக்கொள்வோம். பணியிடம் 60 மைல் தள்ளி. அங்கே 9 பேரைப் புதிதாக எடுக்கிறார்கள், ஒருவரும் ஹப்ஸோனில் வசிப்பவர் இல்லை. இப்போது 23 ஊழியர்கள், தேவை 8.05, அதாவது 8 பேர். இருப்பது 5 பேர், 21.7 சதவீதம். வென்ற ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை இன்னும் ஆபத்து வரவில்லை. ஹப்ஸோன் ஒப்பந்தத்தை நிறைவேற்றும் காலத்தில் 35 சதவீதத்தைக் காக்க முயல வேண்டும் என்கிறது விதி. 20 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் முயற்சியே செய்யவில்லை என்று கொள்ளும். வேலை நடக்கும்போது ஆட்களை எடுத்தே ஆக வேண்டும் என்பதை உணர்ந்து வைத்த இடைவெளி அது. ஆனால் ஐவரில் ஒருவர் வேலையை விட்டால் 22க்கு 4, 18.2 சதவீதம். இடைவெளியும் போயிற்று. அதற்கு முன்பே இன்னொன்றும் நடந்திருக்கும்: 21.7 சதவீதத்தில் நிற்கும் இந்த நிறுவனம் அடுத்த ஹப்ஸோன் ஒப்பந்தத்துக்கு விலைப் புள்ளி கொடுக்க முடியாது. கொடுக்கும் நாளில் 35 சதவீதம் முழுதாக இருக்க வேண்டும்.

ஆக, ஒப்பந்தம் கிடைப்பதே தகுதியைக் குலைக்கிறது. நல்ல சம்பளம் வாங்கத் தொடங்கிய ஊழியர் நல்ல வட்டாரத்துக்கு வீடு மாற்றுவதும் அதைத்தான் செய்கிறது. திட்டம் வெற்றி பெற்றதன் அடையாளமே அந்த வீடு மாற்றம், ஆனால் பழைய விதியில் நிறுவனம் அதற்காகத் தண்டனை அனுபவித்தது. 2019 விதித் திருத்தம் இதைச் சரிசெய்தது. சான்று பெறும்போது ஹப்ஸோனில் வசித்து, பிறகும் விதிக்கப்பட்ட காலம் அங்கேயே இருந்த ஊழியர், வெளியே குடிபோனாலும் அதே நிறுவனத்தில் நீடிக்கும்வரை ஹப்ஸோன் ஊழியராகவே எண்ணப்படுவார். இந்தத் திட்டத்தில் செய்யப்பட்ட மிகச் சரியான மாற்றம் இது என்று சொல்லலாம். பின்னர் வந்த விதி அதற்கு ஓர் உச்ச வரம்பு வைத்தது. இப்படிப்பட்டவர்களை மட்டும் வைத்தே காலம் தள்ள முடியாது, ஹப்ஸோனில் இப்போது வசிப்பவரும் இருக்க வேண்டும். இந்தச் சலுகையைப் பெற, அவர் சான்று நாளில் அங்கே வசித்ததற்கான ஆவணம் கையில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்து அதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

எல்லையை ஒட்டி நிற்கக் கூடாது. 14 பேர் நிறுவனத்துக்கு 5 போதும் என்றாலும் 7 பேரை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பகுதிநேர ஊழியருக்கு வாரம் 20 மணி நேரம் என்று எழுதாமல் 24 என்று எழுதினால் ஒரு நாள் விடுப்பு எதையும் கெடுக்காது. விலைப் புள்ளி தயாரிக்கும்போதே, வென்றால் எத்தனை பேரை எடுப்போம், அதில் எத்தனை பேர் ஹப்ஸோனிலிருந்து வர வேண்டும் என்று ஒரு வரி போட்டுவிட வேண்டும். பணியிடத்தைச் சுற்றியுள்ள ஹப்ஸோன் வட்டாரங்களைப் பார்த்து அங்கே வேலை விளம்பரம் செய்வது, பின்னால் சிக்கலில் மாட்டி ஆள் தேடுவதைவிட எவ்வளவோ மேல்.

முதன்மை அலுவலகம்

ஒரே இடத்தில் அதிக ஊழியர்கள் வேலை செய்வது எங்கேயோ அதுவே முதன்மை அலுவலகம். நிறுவனத்தின் பதிவு முகவரியோ உரிமையாளரின் அறை இருக்கும் இடமோ அதைத் தீர்மானிப்பதில்லை. கட்டுமானம், சேவை போன்ற தொழில்களில் பணியிடத்தில் நிற்பவர்களை இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம், 35 சதவீதக் கணக்கில் மட்டும் அவர்களைக் கழிக்க முடியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லா இடத்திலும் கழிப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

வழக்கமாகக் கெடுவது இப்படித்தான்: ஹப்ஸோனில் ஒரு சின்ன அலுவலகம், அதில் மூன்று பேர். நகரின் மறுபக்கம் இன்னோர் அலுவலகம், அங்கே நான்கு பேர். முதன்மை அலுவலகம் நகரின் மறுபக்கம் போய்விட்டது. மெய்நிகர் அலுவலகம் செல்லாது. புளோரிடாவில் ஒரு நிறுவனம் ஊழியர் யாரும் வேலை செய்யாத மெய்நிகர் அலுவலகத்தை முதன்மை அலுவலகம் என்று காட்டியதாக நீதித்துறை நடவடிக்கை எடுத்தது. 2,50,000 டாலரும் அடுத்த ஐந்தாண்டு வருவாயில் ஒரு பங்கும் தர நிறுவனத் தரப்பு ஒத்துக்கொண்டதில் அது முடிந்தது. பொய்யாகத் தகுதி சொல்லி ஒப்பந்தம் பெற்றால், அந்த ஒப்பந்தத்தின் முழுத் தொகையும் அரசுக்கு நேர்ந்த இழப்பு என்றே சட்டம் முன்கூட்டிக் கொள்ளும். வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்தோம் என்பது அந்த அனுமானத்தைத் தானாகத் தள்ளிவிடாது.

விண்ணப்பம்

கட்டணம் கிடையாது. முதலில் சாம் என்ற கூட்டாட்சிப் பதிவுத் தளத்தில் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் சரியாக இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு முகவரி, பதிவில் பழைய முகவரி என்று இருந்தாலே கேள்வி வரும். பிறகு எஸ்பிஏவின் சான்றுத் தளத்தில் விண்ணப்பம். நான்கு வாரச் சம்பளப் பட்டியல், ஊழியர் ஒவ்வொருவரின் பெயர், வீட்டு முகவரி, வேலை செய்யும் இடம், மணி நேரம் ஆகியவற்றைக் காட்டும் அட்டவணை, உரிமையாளரின் குடியுரிமைச் சான்று, நிறுவன ஆவணங்கள், வரித் தாக்கல்கள், அலுவலக வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது ஆகியவை வேண்டும். முழு விண்ணப்பம் கிடைத்த பிறகு 60 நாளுக்குள் முடிவு சொல்வது எஸ்பிஏவின் இலக்கு. 'முழு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு காகிதம் குறைந்தால் அந்த 60 நாள் தொடங்கவே தொடங்காது.

அதிகம் சிக்குவது ஓட்டுநர் உரிமத்தில். வசிப்பிடத்துக்கு எஸ்பிஏ முதலில் பார்ப்பது ஓட்டுநர் உரிமமும் வாக்காளர் பதிவு அட்டையும். வீடு மாறி ஓராண்டு ஆகியும் உரிமத்தில் முகவரி மாற்றாதவர்கள் ஏராளம். அப்படிப்பட்டவருக்கு வீட்டு வாடகை ஒப்பந்தமோ அவர் பெயரிலுள்ள மின், தண்ணீர் ரசீதோ தேட வேண்டும். அறை பகிர்ந்து தங்கும் இளைஞர்கள் பெயரில் இவை இருக்காது. பொருளாதாரத்தில் நலிந்த வட்டாரங்களில் முறையான வாடகை ஒப்பந்தம் இல்லாமல் குடியிருப்பவர்கள் அதிகம் என்பதால், திட்டம் யாருக்காக வந்ததோ அவர்களையே காகிதம் வெளியே நிறுத்துகிறது. வேலையில் சேரும் நாளிலேயே முகவரிச் சான்று வாங்கிவைத்து, உரிமத்தைப் புதுப்பிக்க அரை நாள் விடுப்பும் கொடுப்பதே நடைமுறையில் பலிக்கும் வழி. மறுக்கப்பட்டால் 90 நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

சான்று இப்போது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஜிஏஓ அறிக்கைகள் வந்த காலத்தில், புதுப்பிப்பு நிலுவையில் 4,600க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. விண்ணப்பங்களில் 36 சதவீதத்துக்கு மட்டுமே ஆதார ஆவணம் கேட்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்து விதிப்படி, விலை கொடுக்கும் நாளிலும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலும் தகுதி இருக்க வேண்டும். 2019 திருத்தம் அதை மாற்றி, ஆண்டுக்கு ஒருமுறை தேறினால் அந்த ஆண்டு முழுதும் போதும் என்றது. இப்போதைய விதி நடுவழி: மூன்றாண்டுச் சான்று, ஆனால் ஒவ்வொரு ஹப்ஸோன் ஒப்பந்தத்துக்கும் விலை கொடுக்கும் நாளில் தகுதி. இது சரியான இடம் என்றே தோன்றுகிறது. ஆனால் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் முழுதாக வந்திருக்கிறது. சான்றுக் கடிதம் சுவரில் தொங்குவதால் இன்று தகுதி இருக்கிறது என்று பொருளில்லை.

கிடைக்கும் பயன்

மூன்று வழிகளில் பயன் வருகிறது. இரண்டோ அதற்கு மேலோ ஹப்ஸோன் நிறுவனங்கள் நியாயமான விலையில் வரும் என்று ஒப்பந்த அதிகாரி நம்பினால், அந்தக் கொள்முதலை ஹப்ஸோன் நிறுவனங்களுக்கு மட்டும் ஒதுக்கலாம். ஒன்றே ஒன்றுதான் தேறும் என்றால், தொகை வரம்புக்கு உட்பட்டு நேரடியாகக் கொடுக்கலாம். மூன்றாவது, எல்லாரும் கலந்துகொள்ளும் போட்டியில் 10 சதவீத விலை முன்னுரிமை. பெரிய நிறுவனம் 10 லட்சம் டாலர் கேட்கிறது, ஹப்ஸோன் நிறுவனம் 10 லட்சத்து 80 ஆயிரம். மதிப்பீட்டில் பெரிய நிறுவனத்தின் விலையை 11 லட்சமாக வைத்துப் பார்ப்பார்கள். ஹப்ஸோன் நிறுவனம் வெல்லும்; தான் கேட்ட 10 லட்சத்து 80 ஆயிரத்தையே பெறும். மிகக் குறைந்த விலை வேறொரு சிறு நிறுவனத்தினுடையது என்றால் இந்த முன்னுரிமை எடுபடாது. இதை மறந்து விலையை 9 சதவீதம் ஏற்றிப் போட்டு, பக்கத்து ஊர்ச் சிறு நிறுவனத்திடம் தோற்பது வீண் இழப்பு.

'ஒதுக்கலாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. புளோரிடாவின் மிஷன் கிரிட்டிகல் சொல்யூஷன்ஸ், ராணுவத்தின் ஒரு தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தைச் செய்துவந்தது. அது ஹப்ஸோன் நிறுவனமும்கூட. அந்த வேலை அடுத்த முறை, பின்தங்கிய சமூகத்தினருக்கான வேறொரு திட்டத்தின் கீழ், போட்டியில்லாமல் அலாஸ்கா பூர்வகுடி நிறுவனம் ஒன்றுக்குப் போனது. ஹப்ஸோன் சட்டத்தில் 'ஒதுக்க வேண்டும்' என்று இருக்கிறதே என்று கேட்டது நிறுவனம். 2009இல் ஜிஏஓ அதை ஏற்றது, 2010இல் கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றமும் ஏற்றது. சில மாதங்களில் நாடாளுமன்றம், 2010 செப்டம்பர் சட்டத்தில், 'வேண்டும்' என்பதை 'லாம்' ஆக்கிவிட்டது. அன்று முதல் சிறு நிறுவன முன்னுரிமைகளுக்குள் எதற்கும் மேல்கை இல்லை. எதைத் தேர்வதென்பது அதிகாரியின் கையில்.

அரசு முழுமைக்கும் இலக்கு, முதன்மை ஒப்பந்தத் தொகையில் 3 சதவீதம். 2023 நிதியாண்டில் எட்டியது 2.78. இலக்கில் பின்தங்க ஒரு காரணம், அதிகாரிக்குத் தேவையான அந்த 'இரண்டாவது' நிறுவனம் கண்ணில் படாதது. ஆகவே வாங்கும் அலுவலகம் சந்தை விசாரணைக்காக வெளியிடும் அறிவிப்புகளுக்குப் பதில் எழுதுவது, விலை கொடுப்பதற்குச் சமமான வேலை. இரண்டு ஹப்ஸோன் நிறுவனங்கள் பதில் எழுதினால் அந்தக் கொள்முதல் ஒதுக்கப்பட வாய்ப்பு பிறக்கிறது. ஒன்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் பொதுச் சிறுதொழில் ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். போட்டியாளரையும் எழுதச் சொல்வது இங்கே லாபம்.

வென்ற பிறகு துணை ஒப்பந்த வரம்பு வரும். சேவைப் பணியில் அரசு தரும் தொகையில் 50 சதவீதத்துக்கு மேல் ஹப்ஸோன் அல்லாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. பொதுக் கட்டுமானத்தில் 85, சிறப்புக் கட்டுமானப் பணிகளில் 75. இன்னொரு ஹப்ஸோன் நிறுவனத்துக்குக் கொடுத்தால் அது இந்த வரம்பில் சேராது.

வரைபடம் மாறும்போது

வரைபடம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 2023 ஜூலை 1 புதுப்பிப்பில் தகுதி இழந்த வட்டாரங்களுக்கு 2026 ஜூலை 1 வரை மூன்று ஆண்டு மாற்றக்காலம் தரப்பட்டது. இப்படி மாற்றக்காலத்தில் இருக்கும் வட்டாரங்கள் வரைபடத்தில் தனி நிறத்தில், காலாவதி நாளோடு தெரியும். அலுவலகத்துக்கு நீண்ட வாடகை ஒப்பந்தம் போடுமுன், முகவரி உள்ளே இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. எந்த வகையில், எந்த நாள்வரை உள்ளே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊழியர் வீடுகளுக்கும் அதே. ஒரே ஒரு வட்டாரத்தில் ஐந்து ஊழியர்கள் வசித்து, அந்த வட்டாரம் காலாவதியானால் ஐந்தும் ஒரே நாளில் போகும்.

எதிர்ப்பு வரும் நாள்

தோற்ற போட்டியாளர், வென்றவர் யார் என்று தெரிந்த ஐந்து வேலை நாளுக்குள் ஒப்பந்த அதிகாரியிடம் எதிர்ப்பு கொடுக்கலாம். வெறுமனே 'இவர்கள் ஹப்ஸோன் இல்லை' என்று எழுதினால் தள்ளுபடியாகும். எந்த முகவரி, எந்தக் காரணம் என்று சொல்ல வேண்டும். எதிர்க்கப்பட்ட நிறுவனத்துக்குப் பதில் தர மூன்று வேலை நாள். அந்த மூன்று நாளில் பல மாதம் முந்தைய ஒரு நாளின் நிலையை நிரூபிக்க வேண்டும். அதனால் விலை அனுப்பும் ஒவ்வொரு முறையும், அதே நாளில் ஒரு கோப்பு மூட வேண்டும்: முந்தைய நான்கு வாரச் சம்பளப் பட்டியல் மணி நேரத்தோடு, அன்றைய ஊழியர் அட்டவணை, ஒவ்வொரு வீட்டு முகவரிக்கும் அன்றைய வரைபடத்தின் நாள் தெரியும் படம், ஓட்டுநர் உரிம நகல்கள், அலுவலக வாடகை ஒப்பந்தம், அந்த மாத மின் ரசீது. 14 பேர் நிறுவனத்துக்கு இது அரை நாள் வேலை. விலையை அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே செய்தால், ஐவர் இருக்கிறார்களா நால்வரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.